நாக்கு ஒட்டியதா?

மலேசியாவின் பகாவ் ரயில் நிலையத்தில் என் அப்பா பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்த காலத்தில், பள்ளி விடுமுறை நாள்களில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துச் செல்வது என் பொறுப்பு. ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயிண்ட் என்ற இடத்தில், முனை கூராகச் சீவப்பட்டு இங்குமங்கும் அசையும் இரும்பை அவர்கள் நாக்கு என்பார்கள். லீவரைத் தள்ளியவுடன் அப்பா கை காட்டிவிட மாட்டார். நாக்கு இருக்கும் இடம்வரை நடந்து போய், குனிந்து, அது பக்கத்துத் தண்டவாளத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டதா என்று பார்த்த பிறகே ஸ்டேஷன் மாஸ்டர் பக்கம் திரும்புவார். "லீவர் மாறினா போதாதுப்பா, நாக்கு ஒட்டணும்" என்று அவர் சொன்னதை அந்த வயதில் நான் ஒரு வேலை நுணுக்கமாக மட்டுமே கேட்டுக்கொண்டேன். வீட்டில் நான் அமைத்திருக்கும் சிறிய மாதிரி ரயில் பாதையின் பாயிண்டுகளை டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாற்றும் வேலையில் கடந்த பல மாதங்களைச் செலவிட்டபோதுதான், அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு பொறியியல் அடங்கியிருக்கிறது என்பது தெரிந்தது.

நான் இப்போது பகாவுக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் மின்பணியாளராக இருக்கிறேன். வீட்டின் பின்னறையில், 12 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட பலகையின்மேல் என் பாதை இருக்கிறது. கிம்மாஸிலிருந்து பகாவுக்கு 1910இல் ரயில் வந்தது. அந்தப் பாதை பிறகு வடக்கே நீண்டு 1931இல் தும்பாட்டுடன் முழுமையாக இணைந்தது. மேற்குக் கரையில் இரட்டைப் பாதையும் மின்சார ரயிலும் வந்த பிறகும் எங்கள் கிழக்குக் கரைப் பாதை ஒற்றைப் பாதையாகவே இருப்பதால், எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் விலகிக்கொள்ள, நிலையத்தில் பிரிந்து மறுபடி சேரும் பக்கப்பாதையான லூப்பைத்தான் நம்ப வேண்டும். ஆகவே நிலையத்தின் இரு முனைகளிலும் உள்ள பாயிண்டுகளே என் பலகையின் உயிர். லூப், சரக்குக் கிளைகள், தோட்டத்துக்குப் பிரியும் ஒரு கிளை ஆகியவற்றைச் சேர்த்து மொத்தம் 9 பாயிண்டுகள். மலேசிய ரயில் மீட்டர் அகலப் பாதையில் ஓடுவது. நிஜத்தில் 87இல் ஒரு பங்கான 1:87 அளவில் அதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். பழையதாகக் கைக்கு வந்த பொருள்கள் எல்லாம் 16.5 மில்லிமீட்டராக இருந்ததால் அதிலேயே போட்டேன். அந்தக் குறை கண்ணுக்குப் படத்தான் செய்கிறது என்றாலும், பாயிண்ட் வேலை செய்யும் முறை இரண்டிலும் ஒன்றுதான்.

தொடக்கத்தில் எல்லாப் பாயிண்டுகளுக்கும் இரட்டைச் சுருள் கொண்ட சோலினாய்டு மோட்டார்களையே பொருத்தியிருந்தேன். பொத்தானை அழுத்தினால் ஒரு சுருளில் கணநேரம் மின்சாரம் பாய்ந்து, நடுவிலுள்ள இரும்புத் தண்டைப் படாரென்று ஒரு பக்கம் இழுக்கும். அந்தக் கணத்தில் மூன்று நான்கு ஆம்பியர் போகிறது. கணநேரம் என்பதால்தான் சுருள் தாங்குகிறது. ஒரு தீபாவளிக்கு முதல்நாள் மாலை, விருந்தாளிப் பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பொத்தான் உள்ளே போய்த் திரும்பி வராமல் சிக்கிக்கொண்டது. வார்னிஷ் கருகும் வாடை வந்த பிறகுதான் கவனித்தேன். பலகைக்கு அடியில் கைவிட்டபோது மோட்டார் தொட முடியாத சூட்டில் இருந்தது. அதன் பிறகு, கபாசிட்டரில் மின்சாரத்தைச் சேமித்து அதை மட்டும் சுருளுக்குக் கொடுக்கும் சிறு சுற்று ஒன்றை அமைத்தேன். 24 வோல்ட்டில் 4700 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் பிடித்து வைப்பது ஒன்றரை ஜூலுக்கும் குறைவான ஆற்றல். நாக்கைத் தள்ள அது போதும், சுருளைக் கருக்கப் போதாது. சோலினாய்டு வைத்திருப்பவர்கள் எந்த முறைக்கு மாறினாலும் மாறாவிட்டாலும் இந்தச் சுற்றை முதலில் போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சின்கள் அதற்கு முன்பே டிசிசி என்ற டிஜிட்டல் கட்டளை முறைக்கு மாறிவிட்டன. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரமாக ஆக்கியதுதான் இந்த டிசிசி. பழைய முறையில் தண்டவாளத்தில் எவ்வளவு வோல்ட் இருக்கிறதோ அதற்கேற்ப எஞ்சின் ஓடும். டிசிசியில் தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்சாரம் இருக்கும்; அந்த மின்சாரமே திசை மாறி மாறிப் பாய்ந்து செய்தியையும் சுமந்து செல்லும். ஒவ்வொரு பக்கமும் 58 மைக்ரோ வினாடி இருந்தால் அது ஒன்று. 100 மைக்ரோ வினாடியோ அதற்கு மேலோ இருந்தால் அது சுழியம். பாயிண்டுக்கான கட்டளை மூன்று பைட்டுகளில் அடங்கிவிடும். தொடக்க அடையாளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் எட்டு மில்லி வினாடிக்குள் முழுச் செய்தியும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த வேகம் எனக்கு வியப்பாக இருந்தது. அந்தச் செய்தி ஒருவழிச் செய்தி என்பதை நான் அப்போது போதுமான அளவுக்கு எண்ணிப் பார்க்கவில்லை. "ஐந்தாம் பாயிண்ட், திரும்பு" என்று கட்டளை அனுப்பும் கருவியான டிசிசி நிலையம் சொல்லும். செய்தியைப் புரிந்துகொண்டு பாயிண்டை இயக்கும் டிகோடர் கேட்டுக்கொள்ளும். திரும்பியதா என்று அடிப்படை முறையில் யாரும் பதில் சொல்வதில்லை.

பாயிண்டை நகர்த்த எதைப் பயன்படுத்துவது என்பதில் நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. இருக்கும் சோலினாய்டுகளுக்கே டிகோடர் வாங்கலாம். ஆனால் அந்தப் படார் சத்தமும் அடியும் பாயிண்டின் நாக்கைக் காலப்போக்கில் தளர்த்திவிடுகின்றன. மெதுவாக நகர்ந்து, முனையில் முட்டி நின்றபடியே இருக்கும் 12 வோல்ட் மோட்டார்கள் மிக நல்லவை. முட்டி நிற்கும்போதும் பதினைந்து மில்லி ஆம்பியர் அளவுதான் எடுக்கும். ஒன்பது வாங்கும் வசதி எனக்கு இல்லை. எஸ்ஜி-90 என்ற ஒன்பது கிராம் சர்வோ மோட்டார் ஐந்தாறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. 20 மில்லி வினாடிக்கு ஒருமுறை அதற்கு ஒரு துடிப்பு அனுப்ப வேண்டும். துடிப்பின் நீளம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லி வினாடிக்குள் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற கோணத்தில் அதன் கை நிற்கும். இந்தக் கோணத்தைச் சிறுகச் சிறுக மாற்றினால் நாக்கு மெல்ல நகரும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக இரண்டு வினாடி ஆகும்படி வைத்திருக்கிறேன். நிஜ லீவர் இழுபடுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும்.

பொருத்தும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கை நடுங்கவைக்கும் பகுதி இதுதான். இரண்டு நாக்குகளையும் இணைக்கும் குறுக்குப் பட்டையின் நடுவில் ஒரு சிறு துளை இருக்கும். அதற்கு நேர் கீழே, ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட்டில் எட்டு மில்லிமீட்டர் ஓட்டை போட வேண்டும். தண்டவாளம் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தால் கீழிருந்துதான் துளைக்க முடியும். டிரில் பிட்டில் ஒன்பதாவது மில்லிமீட்டரில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு, கடைசி ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே திருகினேன். 0.8 மில்லிமீட்டர் ஸ்பிரிங் கம்பி ஒன்று அந்த ஓட்டை வழியாக மேலே போய்க் குறுக்குப் பட்டையின் துளையில் நிற்கும். கீழ் முனை சர்வோவின் கையில் கட்டப்பட்டிருக்கும். நாக்கு நகர வேண்டிய தூரம் இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தூரத்துக்குச் சர்வோவின் முழுக் கோணத்தையும் பயன்படுத்தினால் கம்பி வளையும், அல்லது குறுக்குப் பட்டை பெயர்ந்துவிடும். நாக்கு ஒட்டிய பிறகு கம்பி ஒரு மயிரளவு வளைந்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. பாயிண்டுக்குள்ளேயே இருக்கும் சிறு ஸ்பிரிங்கை முதலில் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் அது நாக்கைத் தானே இழுத்துக்கொண்டு போய், மெதுவாக நகர்த்துவதற்கு நாம் செய்ததையெல்லாம் வீணாக்கிவிடும்.

சர்வோக்களுக்கு பிசிஏ-9685 என்ற பதினாறு வழிப் பலகை, அதற்குப் பின்னால் நிரலை ஓட்டும் சிறு கணினிப் பலகையான ஓர் ஆர்டுயினோ. டிசிசி செய்தியைத் தண்டவாளத்திலிருந்து ஆர்டுயினோவுக்குள் கொண்டுவர ஒளி வழியாகச் செய்தியைக் கடத்தும் 6என்-137 என்ற வேகமான ஆப்டோகப்ளரைப் பயன்படுத்தினேன். கையிலிருந்த மெதுவான ஒன்றைப் போட்டபோது 58 மைக்ரோ வினாடித் துடிப்புகளின் ஓரங்கள் மழுங்கி, பத்துக் கட்டளையில் மூன்று நான்கு காணாமற்போயின. நிரலில் என் தம்பி மகள் உதவினாள். முதல் பாயிண்டை அழைத்தால் ஐந்தாவது திரும்பிய மாலைப் பொழுதில், "பெரியப்பா, எண்ணுறதே வேற மாதிரி இருக்கு" என்று கண்டுபிடித்தவள் அவள்தான். பாயிண்ட் முகவரிகள் நான்கு நான்காக டிகோடர்களுக்குப் பங்கிடப்படுகின்றன. முதல் நான்கை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை இல்லாததால், ஒருவரின் 1 இன்னொருவரின் 5 ஆகிவிடுகிறது. வயரிங்கைச் சந்தேகித்து நான் இரண்டு மணி நேரம் பலகைக்கு அடியில் படுத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய பாடம் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில் கிடைத்தது. பாயிண்டுக்கான டிகோடரைத் தண்டவாளத்திலிருந்தே ஓட்டிக்கொள்ளலாம், தனி வயர் தேவையில்லை என்பது டிசிசியின் வசதியாகச் சொல்லப்படுகிறது. நானும் அப்படியே செய்தேன். ஒரு நாள் சரக்கு வண்டி, தனக்கு எதிராகத் திரும்பியிருந்த பாயிண்டுக்குள் ஏறிவிட்டது. இரு பாதைகளின் தண்டவாளங்களும் வெட்டிக்கொள்ளும் உலோக முனையை மாதிரி ரயில்காரர்கள் பிராக் என்பார்கள். பாதை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப அதன் மின்முனையும் மாற வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பியிருந்த பிராக்கில் சக்கரம் ஏறியதும் ஷார்ட் ஆனது. டிசிசி நிலையம் தன் கடமையைச் செய்து மின்சாரத்தை அணைத்தது. பாயிண்டைத் திருப்பினால் ஷார்ட் தீரும். பாயிண்டைத் திருப்ப மின்சாரம் வேண்டும். மின்சாரமோ ஷார்ட் தீர்ந்தால்தான் வரும். வண்டியைக் கையால் தூக்கி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அன்றிரவே பாயிண்டுகளுக்கு 5 வோல்ட் தனி மின்வழங்கியும், கட்டளைக்கு ஷார்ட்டால் பாதிக்கப்படாத தனி வயரும் போட்டேன். எஸ்ஜி-90 முட்டி நிற்கும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு சர்வோதான் நகர வேண்டும் என்று நிரலிலும் ஒரு வரிசை வைத்தோம்.

இப்படி எட்டுப் பாயிண்டுகள் முடிந்து, சர்வோவின் கைக்குப் பக்கத்தில் ஒரு மைக்ரோ சுவிட்சும் வைத்து, அது தட்டினால் பலகைமேல் பச்சை விளக்கு எரியும்படி செய்து, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மூன்று முறை திருப்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு சாமி மேடையிலிருந்து ஊதுபத்திப் பெட்டி ஒன்றை எடுத்துவரச் சொல்லி, அதன் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, இரண்டாக மடித்து, நாக்குக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் நடுவில் செருகினார். "இப்ப மாத்து" என்றார். மாற்றினேன். சர்வோ நகர்ந்தது, கம்பி வளைந்தது, நாக்கு அட்டையில் முட்டி நின்றது, பச்சை விளக்கு எரிந்தது. அப்பா விளக்கைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க காலத்துல இதுக்கு வேல போயிரும்" என்றார்.

நிஜ ரயில் பாதையிலும் இதே சோதனை உண்டு. நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை வைத்து, அந்த நிலையில் பாயிண்ட் பூட்டிக்கொள்ளாமலும், வண்டிக்கு வழிவிடும்படி சிக்னல் இறங்காமலும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் வைத்த சுவிட்ச் சர்வோவின் கை நகர்ந்ததைத்தான் சொன்னது. நாக்கு நகர்ந்ததைச் சொல்லவில்லை. நடுவில் இருந்த ஸ்பிரிங் கம்பி எந்தப் பொய்யையும் வளைந்து கொடுத்து மறைத்துவிடும். எனக்கு இது இன்னும் அதிகமாக உறைத்ததற்குக் காரணம் என் தொழில். எங்கள் ஆலையில் பழக்குலைக் கூண்டுகள் தண்டவாளத்தில் உருண்டு, குலைகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசருக்குள் போகும். உள்ளே மூன்று பார் அழுத்தத்தில் நீராவி ஏறும். கதவு முழுதாகப் பூட்டியதைக் கதவிலேயே உள்ள லிமிட் சுவிட்ச் சொல்லாதவரை நீராவி வால்வு திறக்காது. கதவை மூடச் சொல்லிப் பொத்தானை அழுத்தியாயிற்று என்பதை வைத்து யாரும் நீராவி விடமாட்டார்கள். இருபது ஆண்டாக அந்தக் கதவுகளைப் பராமரிக்கிற நான் வீட்டுப் பாயிண்டில் அதை மறந்திருந்தேன்.

எட்டையும் திரும்பப் பிரித்தேன். இப்போது ஒவ்வொரு பாயிண்டுக்கும் இரண்டு மைக்ரோ சுவிட்சுகள்; இரண்டும் குறுக்குப் பட்டையின் இரு முனைகளில், நாக்கு ஒட்டுவதற்கு அரை மில்லிமீட்டர் இருக்கும்போதுதான் தட்டும்படி நகர்த்தி நகர்த்தி ஒட்டப்பட்டவை. ஒரு சுவிட்ச் தட்டினால் நேர்ப்பாதை, மற்றது தட்டினால் கிளைப்பாதை, இரண்டும் தட்டாவிட்டால் பாயிண்ட் நடுவில் நிற்கிறது என்று பொருள். எட்டுப் பாயிண்டுக்குப் பதினாறு சுவிட்சுகள். அவற்றை எம்சிபி-23017 என்ற சில்லுகள் வழியாக ஆர்டுயினோவுக்குக் கொடுத்தேன். பிராக்கின் மின்முனையையும் கட்டளையை நம்பி மாற்றாமல், இந்தச் சுவிட்சுகள் சொல்வதைக் கேட்டு ரிலே என்ற மின்சார சுவிட்ச் மாற்றுகிறது. நாக்கு நகரத் தொடங்கியதும் பிராக் மின்சாரத்திலிருந்து துண்டிக்கப்படும். மறுபக்கம் ஒட்டிய பிறகே அந்தப் பக்கத்து மின்சாரம் கிடைக்கும். இதற்காகப் பிராக்கின் இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு, நாக்குக்கும் பிராக்குக்கும் நடுவிலிருந்த கம்பிகளை வெட்டி, ஒவ்வொரு நாக்கையும் அதன் பக்கத்துத் தண்டவாளத்தோடு சிறு வயரால் சால்டர் வைத்து இணைக்க வேண்டியிருந்தது. புதிதாகப் பாதை போடுபவர்கள் பாயிண்டைப் பலகையில் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. ஒட்டிய பிறகு வெட்டுவது பெரும்பாடு.

நாக்கும் தண்டவாளமும் தொட்டுக்கொள்வதாலேயே மின்சாரம் வந்துவிடும் என்று எங்கள் ஊரில் நம்ப முடியாது. மழைக்காலத்தில் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்றில் தொடும் பரப்பு ஒரு வாரத்தில் மங்கிவிடும். எறும்புகள் இன்னொரு தொல்லை. மூன்றாம் பாயிண்ட் ஒருமுறை திரும்ப மறுத்தபோது, குறுக்குப் பட்டைக்கு அடியில் மண்ணும் முட்டையுமாக ஒரு குடியிருப்பே இருந்தது. புதிய அமைப்பில் அதை நான் கண்டுபிடிக்கத் தேவைப்படவில்லை. கட்டளை போய் நான்கு வினாடி ஆகியும் சுவிட்ச் தட்டாததால் சிவப்பு விளக்கு மின்னியது, சர்வோவுக்கான துடிப்பு நின்றது, பிராக் துண்டிக்கப்பட்டது. பழைய அமைப்பாக இருந்தால் பச்சை எரிந்திருக்கும், வண்டி கவிழ்ந்திருக்கும். இடி இறங்கும் மாலைகளில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பது தனிப் பழக்கம்.

மின்சாரம் போட்டவுடன் சர்வோக்கள் ஒருமுறை துள்ளும் குறை கொஞ்ச நாள் இருந்தது. ஆர்டுயினோ விழித்துத் துடிப்பு அனுப்புவதற்கு முன்பே சர்வோவுக்கு மின்சாரம் போய்விடுவதே காரணம். இப்போது ஆர்டுயினோ முதலில் சுவிட்சுகளைப் படித்து, ஒவ்வொரு பாயிண்டும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதே பக்கத்துக்கான துடிப்பைத் தயாராக வைத்த பிறகு, ஒரு ரிலே மூலம் சர்வோக்களுக்கு மின்சாரம் கொடுக்கிறது.

எல்லாம் முடிந்ததும் ஊதுபத்தி அட்டையை வைத்து எட்டையும் இரு பக்கமும் சோதித்தேன். பதினாறு சோதனையில் ஆறாம் பாயிண்டின் கிளைப்பக்கம் மட்டும் பச்சை காட்டியது, சுவிட்சைக் கொஞ்சம் தள்ளி ஒட்டியதும் அதுவும் சரியாகிவிட்டது. ஒன்பதாவது, தோட்டத்துக் கிளைக்குப் பிரியும் பாயிண்ட், டிஜிட்டல் ஆகவில்லை, ஆக்கப்போவதும் இல்லை. அப்பா வேலை செய்த நாளில் அப்படிப்பட்ட கிளைப் பாயிண்டைத் திருப்ப, சாவியோடு ஒருவர் நடந்து போய்ப் பூட்டைத் திறந்து லீவரைத் தள்ளுவார். என் பலகையிலும் அந்த இடத்தின் ஓரத்தில் ஒரு பித்தளை லீவர் இருக்கிறது. அதன் நாக்கிலும் இரண்டு சுவிட்சுகள் உண்டு. அது நேராக ஒட்டியிருக்கிறது என்று அவை சொல்லும்வரை மெயின் பாதையின் சிக்னல் இறங்காது. அந்த லீவரைத் தள்ளுவது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் வேலை. தள்ளிய பிறகு, விளக்கு எரிந்தாலும்கூட, நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து ஒருமுறை நாக்கைப் பார்த்துக்கொள்கிறார்.